24 ஜாமும் 6 ஜாமும்

சரக்கில் வகை கூடினால் வியாபாரமும் கூடும் என்பது நம் வணிகர்களிடையே ஊறிப்போன எண்ணம். கம்பெனிப் பிரதிநிதியும் அதையே சொல்லிப் புதுப்புது ரகங்களை நம் அலமாரியில் இறக்கிவிட்டுப் போகிறார். பாதி நகர்கிறது, மீதி தூசி படிந்து காலாவதியாகிறது. முடங்குவது நம் முதல்.

மனிதர்கள் எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்பதையே தம் ஆராய்ச்சியாகக் கொண்டவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியை ஷீனா ஐயங்கார். டெல்லியிலிருந்து குடியேறிய சீக்கியப் பெற்றோரின் மகள். பள்ளிப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். 1997இல் ஸ்டான்ஃபோர்டில் சமூக உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

மாணவியாக இருந்தபோது, பேராசிரியர் மார்க் லெப்பருடன் சேர்ந்து, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் டிரேகர்ஸ் என்ற பெரிய மளிகைக் கடையில் மேஜை போட்டுச் சோதனை நடத்தினார். அக்கடையில் ஜாம் மட்டுமே 300 வகைக்கு மேல்! மேஜையில் சில நேரம் 24 வகை, சில நேரம் 6 வகை ருசி பார்க்க வைத்தார்கள். நின்றவர்களுக்கு ஒரு டாலர் தள்ளுபடிச் சீட்டும் உண்டு.

24 வகை இருந்தபோது, கடந்து சென்றவர்களில் 100க்கு 60 பேர் நின்றனர். 6 வகைக்கு 40 பேர்தான். வாங்கியவர்கள்? 24 வகையைப் பார்த்து நின்றவர்களில் 100க்கு 3 பேர். 6 வகையில் 30 பேர். கூட்டம் வேறு, கல்லா வேறு.

இது 2000இல் வெளியாயிற்று. இதைப் படித்துவிட்டு நாளைக்கே அலமாரியைக் காலி செய்யுங்கள் என்று நாம் சொல்லவில்லை. 2010இல் இதுபோன்ற 50 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்றே வந்தது. 2015இல் வந்த மற்றோர் ஆய்வு விஷயத்தைப் பிரித்துக் காட்டியது. தனக்கு எது வேண்டும் என்று வாடிக்கையாளருக்கே தெரியாதபோதும், ரகங்களை ஒப்பிடுவது சிரமமாக உள்ளபோதும் வகை பெருகினால் அவர் தயங்கிப் பின்வாங்குகிறார்.

சிறு கடைக்காரருக்கு இடம் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. வழக்கமான அரிசியைக் கேட்டு வருபவருக்குக் குழப்பமில்லை. எடுத்துக் கொடுத்தால் போதும். புதிதாக ஒரு மசாலாத் தூள் தேடி வருபவர் முன் பதினைந்து பாக்கெட்டைப் பரப்பாதீர்கள். என்ன சமையல், காரம் எவ்வளவு என்று இரண்டு வார்த்தை கேட்டு, இரண்டு மூன்றை மட்டும் எடுத்து வையுங்கள். பெரிய கடையின் அலமாரி இதையெல்லாம் கேட்காது.

அடுத்த முறை பிரதிநிதி புது ரகத்தோடு வந்து நின்றால், போன முறை வைத்ததில் எத்தனை போயிற்று என்று நோட்டைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.