வெந்நீர்க் கணக்கு

மார்கழி விடிகாலையில், 23 டிகிரிக்கே மங்கி குல்லாய் மாட்டிக்கொண்டு மயிலாப்பூர் மாடவீதி சுற்றுகிறவர்கள் நாம். அப்பேர்ப்பட்ட நாம்தான் பாண்டி பஜாரில் தெர்மல் வாங்கிக்கொண்டு, டேராடூன் வரை விமானத்திலும் பிறகு ஒரு முழுப் பகல் மலைப்பாதையிலும் போய் ஔலியில் பனிச்சறுக்கு ஆடினோம். ஆல்ப்ஸில் பனிச்சறுக்குக்கென்றே 2,300 மீட்டர் உயரத்தில் கட்டிய வல் தொரான்ஸுக்குப் போக முடியாவிட்டால் என்ன, நம் நாட்டிலேயே ஒன்று இருக்கிறதே என்ற பெருமை வேறு.

ஔலி பழைய ஊர் இல்லை. மேய்ச்சல் புல்வெளி, விடுதிகள் பின்னால் வந்தவை. ஊர் என்பது கீழே இருக்கும் ஜோஷிமட். அங்கிருந்து 4 கிலோமீட்டர் ரோப்வே. அந்த ஊரை நாம் டிக்கெட் எடுக்கும் இடமாகவே பார்த்தோம். கூட வந்த பெரியவர்களுக்கு அது திருப்பிரிதி, திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசமென்று வைணவ மரபு சொல்லும் இடம். நரசிம்மரைச் சேவித்துவிட்டு, 108-ல் இன்னொன்று ஆயிற்று என்றார்கள். அவர்களுக்கு ஒரு எண், நமக்கு ஒரு ரோப்வே.

பழைய நிலச்சரிவு குவித்த மண்ணின்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. பாறையைத் தோண்டாதீர்கள், கனமான கட்டடம் வேண்டாம், வடிகாலைச் சரிசெய்யுங்கள் என்று அரசு அமைத்த மிஸ்ரா கமிட்டி 1976-லேயே எழுதிக் கொடுத்தது. நமக்கோ ஜன்னலைத் திறந்தால் பனிமலை தெரியவேண்டும், கீசர் இருக்கவேண்டும். இல்லையென்றால் ரிவ்யூவில் ஒரு ஸ்டாரைக் குறைத்தோம். நனைந்து திரும்பி ஆளுக்கு இரண்டு பக்கெட் வெந்நீர். அது எங்கே போகிறதென்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் அப்போது முறையான பாதாளச் சாக்கடை இருக்கவில்லை. கழிவுநீர் குழிகளில் இறங்கி, அந்தத் தளர்ந்த மண்ணிலேயே ஊறியது. மெட்ரோ வாட்டர் லாரிக்காக ராத்திரி கண்விழித்தவர்கள், அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள், நமக்குத் தோன்றாத கேள்வியா அது? பனி குறைந்தால் செயற்கைப் பனி தூவ மேலே ஒரு ஏரியும் வெட்டியிருந்தார்கள். அதன் கரையில் செல்ஃபி எடுத்தோம்.

2023 ஜனவரியில் சுவர்கள் பிளந்தன. 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு ஹோட்டல்களை இடிக்கவேண்டி வந்தது. ரோப்வே நின்றது. உறைபனியில் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். இங்கே பொங்கலுக்குக் கரும்பு வந்து இறங்கிய நேரம். பக்கத்தில் கட்டிவந்த நீர்மின் திட்டத்தின் சுரங்கம்தான் காரணம் என்றார்கள் ஊர்மக்கள், அதைக் கட்டிய நிறுவனம் மறுத்தது. அந்தச் சண்டை நமக்கு வசதியாகப் போயிற்று. அதில் நம் பெயர் அடிபடவில்லை.

நாம் தெர்மல் வாங்கிய பாண்டி பஜார் இருக்கும் தி.நகரே 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த பேட்டை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, லேக்தான் இல்லை. காலடியில் என்ன இருக்கிறதென்று கேட்கிற வழக்கத்தை அப்போதே விட்டுவிட்டோம் போலிருக்கிறது. 2015 வெள்ளத்தில் அடையாறு வீட்டுக்குள் ஏறியபோது முன்பின் தெரியாதவர்கள் படகில் பால் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் மறந்தோம்.

நம் பயணக் குழுவின் வாட்ஸ்அப்பில் அந்த ஜனவரி வாரத்தைச் சமீபத்தில் புரட்டிப் பார்த்தேன். அடுத்த மாதத்துக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வருமா என்று ஐந்து பேர் கேட்டிருந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் நடுராத்திரியில் எழுந்து இஞ்சி தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்த விடுதிக்கார அம்மாளின் நம்பர் எல்லோரிடமும் இருந்தது. கூப்பிட்டதாக ஒருவரும் எழுதவில்லை. "குல்மார்க் எப்படி இருக்கும்?" என்று ஒரு கேள்வி வந்திருந்தது. அதற்கு முதல் பதில் போட்டிருப்பது நான்தான்.