எங்கள் நெஞ்சில் படியும் கரிக்குப் பதில் சொல்லுங்கள்

ஆர்க்டிக் பனி மேல் கப்பல் புகைக் கரி படிகிறது, பனி உருகுகிறது என்று 2021-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஒரு தீர்மானம் போட்டது. அந்தக் கடலில் ஓடும் கப்பல்கள் சுத்தமான எண்ணெயை எரியுங்கள் என்று கேட்டுக்கொண்டது. கட்டாயம் கிடையாது, விருப்பப்பட்டால் செய்யலாம். பனிக்காக அந்த அளவுக்காவது பேச ஆள் இருந்தது. இன்ஜின் ரூமில் கிடந்து சாகிற எங்களுக்காக யார் பேசினீர்கள்?

நான் கப்பலில் வைப்பர். துடைப்பதும் சுரண்டுவதும்தான் வேலை. மெயின் இன்ஜினை நிறுத்தி ஆறவிட்ட பிறகு, சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கும் ஸ்காவெஞ்ச் அறைக்குள் தவழ்ந்து போக வேண்டும். ஒரு கையில் ஸ்கிரேப்பர், மறு கையில் பழந்துணி. எரியாத எண்ணெயும் கரியும் தார் போலக் கெட்டிப்பட்டு ஒட்டியிருக்கும். அதை விட்டுவைத்தால் உள்ளேயே தீப்பிடிக்கும், அதனால் எடுத்தே ஆக வேண்டும். வெளியே வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பு. காறித் துப்பினால் கறுப்பு. சாப்பிட உட்காரும்போது நகக்கண்ணைப் பார்க்கவே பிடிக்காது. கொடுத்த முகக்கவசமோ மெல்லிய துணி!

டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. அப்புறம் என்ன நடந்தது? நம் ஊர் லாரிக்கு ஊற்றும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கப்பல் எண்ணெயில் 0.5 சதவீதம் இருக்கலாம். அது 500 மடங்கு! புகையைக் கழுவும் ஸ்கிரப்பரை மாட்டிக்கொண்டால் அதைவிட மட்டமான எண்ணெயையும் எரிக்கலாம். பல கப்பல்களில் அந்தக் கழுவிய தண்ணீர் அப்படியே கடலுக்குத்தான் போகிறது. கந்தகத்துக்கு வரம்பு போட்டீர்கள், நைட்ரஜன் ஆக்சைடுக்கும் போட்டீர்கள். கரிக்கு மட்டும் ஏனய்யா மனசு வரவில்லை?

வழி தெரியாமலா இருக்கிறது? இன்ஜெக்டர் நாசில் தேய்ந்து எண்ணெய் சொட்டினால் புகை கறுக்கும். டர்போவில் அழுக்கேறினால் காற்று போதாமல் கறுக்கும். செலவு மிச்சம் என்று வேகத்தைக் குறைத்து இழுத்துக்கொண்டே போனாலும் எரிப்பு சரியாக நடக்காமல் கறுக்கும். எண்ணெய் துடைக்கிற எனக்கே தெரிந்தது கம்பெனிக்குத் தெரியாதா? நாசில் மாற்றக் கேட்டால், அடுத்த போர்ட்டில் பார்ப்போம் என்பார்கள். அடுத்த போர்ட் வரும், நாசில் வராது. போர்ட்டில் கட்டி நிற்கும்போதும் ஜெனரேட்டர் ஓய்வதில்லை. அந்தப் புகையைச் சுவாசிப்பது துறைமுகத்தை ஒட்டிக் குடியிருக்கும் பிள்ளைகள்.

ஐரோப்பாவின் ஆறுகளில் ஓடும் படகுகளில், 300 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள புதிய இன்ஜின்கள் இத்தனை துகளுக்கு மேல் கக்கக் கூடாது என்று எண்ணிக்கை வைத்தே சட்டம் இருக்கிறது. அதற்காக அங்கே வடிகட்டி மாட்டுகிறார்கள். நல்ல எண்ணெய் ஊற்றினால்தான் அந்த வடிகட்டி அடைக்காமல் நிற்கும். நல்ல எண்ணெய்க்குக் காசு அதிகம். அந்தக் காசைத்தான் கம்பெனிக்காரர்கள் எங்கள் மூச்சில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

கடலில் ஓடும் கப்பலுக்கும் கரிக்கு வரம்பு போடுங்கள், கட்டாயமாகப் போடுங்கள். மீறுகிற கப்பலைப் போர்ட்டை விட்டு நகர விடாதீர்கள். போர்ட்டில் நிற்கும்போது ஜெனரேட்டரை நிறுத்தக் கரை மின்சாரம் கொடுங்கள். கம்பெனிக்காரர்களே, அதுவரை ஸ்காவெஞ்ச் அறைக்குள் இறங்கும் ஒவ்வொருவனுக்கும் உருப்படியான சுவாசக் கவசத்தையும் வருஷா வருஷம் நுரையீரல் பரிசோதனையையும் உங்கள் செலவில் கொடுங்கள்.