பேர் வைத்தால் மட்டும் போதுமா?

முதலாம் ஆண்டு வகுப்பை எடுக்கும் ஆசிரியைக்குப் பள்ளி திறக்கும் முதல் நாளில் எதைக் கண்டால் பயம் தெரியுமா? அழுகிற பிள்ளைகளைக் கண்டு அல்ல. பத்தொன்பது வருட அனுபவத்தில் அழுகையை நிறுத்தும் வித்தை கைவந்துவிட்டது. எனக்கு இன்றைக்கும் பயம் தருவது வருகைப் பதிவேடு.

பதிவேட்டில் பெயர்கள் ரூமியில் இருக்கும். பிறப்புப் பத்திரத்தில் என்ன எழுத்தோ அதேதான். அதை நான் தமிழாக்கி வாசிக்க வேண்டும். எதிரே பிள்ளை உட்கார்ந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே பெற்றோர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்போது பெயரைத் தப்பாக வாசித்தால் எப்படி இருக்கும்!

இந்த ஆண்டு ஒரு பையனின் பெயரை மூன்று விதமாக வாசித்துப் பார்த்தேன். யாரும் கை தூக்கவில்லை. கடைசியில் மீந்திருந்தவனிடம் போய், “உன் பேரு என்னய்யா?” என்றேன்.

“தம்பி” என்றான்.

வெளியே இருந்து அவன் அம்மா, “டேய், டீச்சர் சொன்னது நீதாண்டா!” என்று கத்தினார். வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, அக்காள் எல்லோருக்கும் அவன் தம்பிதான். பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அலமாரியில் பத்திரத்தோடு பத்திரமாக இருந்திருக்கிறது.

இந்தப் பெயர்கள் எப்படி உருவாகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் நட்சத்திரம். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 முதலெழுத்துகள். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. அதற்குப் பிறகு எண்கணிதம். ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஏ என்றால் 1, எச் என்றால் 5. கூட்டுத்தொகையில் ஒன்று குறைந்தால் ஓர் ஏ சேரும். ஐந்து குறைந்தால் ஓர் எச் சேரும். இப்படித்தான் மூன்றெழுத்துத் தமிழ்ப் பெயர், ரூமியில் பத்தெழுத்தாகி வகுப்புக்கு வருகிறது.

அந்த எழுத்து பிறகு போகவே போகாது. மைகிட், பன்னிரண்டு வயதில் மைகாட், எஸ்பிஎம் சான்றிதழ், கடப்பிதழ், வங்கிக் கணக்கு என்று கூடவே வரும். எங்காவது ஓர் எச் விடுபட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் செய்ய அலைய வேண்டும்.

இதையெல்லாம் நானும் கேலி செய்தவள்தான். அதனால் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தீரஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். பதிவேட்டில் டி, இரண்டு எச், இரண்டு ஈ, ஆர், இரண்டு ஏ, ஜே, மறுபடியும் ஓர் எச். முதல் நாளே சிரித்துக்கொண்டு, “ஏம்பா, உனக்கு மட்டும் எத்தனை எச்சு?” என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

மறுநாள் அவன் பெயர் ‘எச்சு’ ஆனது. அடுத்த வாரம் ‘எச்சில்’ ஆனது. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவன் பயிற்சித்தாளில் பெயர் எழுதும் கோட்டைக் காலியாக விடுகிறான் என்பதுதான். எழுத்து நீளமாக இருப்பதால் சோம்பல் என்று நினைத்து, அதற்கும் கண்டித்தேன்.

இரண்டாம் தவணையில் அவன் அம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. மெதுவாகத்தான் பேசினார். “அவனுக்கு முன்னால ரெண்டு பிள்ள தங்கல டீச்சர். இவனாச்சும் நிக்கணும்னு ஒருத்தர்கிட்ட போய்க் கேட்டோம். அவரு போட்டுக் குடுத்த எழுத்துதான் அது. எங்களுக்கு இங்கிலீசு அவ்வளவா தெரியாது. அவரு எழுதினத அப்படியே கொண்டுபோய் பதிஞ்சோம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நாங்க ஒரு பேரு வச்சோம். இப்ப ஸ்கூல்ல வேற பேரு ஆயிருச்சு.”

அன்று இரவு எனக்குத் தாத்தாவின் ஞாபகம் வந்தது. அவர் பெயர் குப்புசாமி. முன்னால் பிறந்தவை தங்காததால், இவரைக் குப்பை மேட்டில் கிடத்தி எடுத்து அந்தப் பெயரை வைத்தார்களாம். குப்பையில் கிடந்ததை எமன் தொடமாட்டான் என்று நம்பிக்கை. பிச்சை, குப்பாயி என்று நம் தோட்டங்களில் எத்தனை பேர் இருந்தார்கள்! அந்தக் காலத்தில் பயத்துக்குக் குப்பை மேடு. இந்தக் காலத்தில் பயத்துக்கு மூன்று எச். பிள்ளை நிலைக்க வேண்டும் என்ற அதே தவிப்புதான். எழுத்தைப் பார்த்துச் சிரித்த எனக்கு அது தெரியாமல் போனது.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பட்டப்பெயர் உடனே போய்விட்டது என்று எழுத ஆசைதான். அது போக அவன் நான்காம் ஆண்டுக்கு வர வேண்டியிருந்தது. எண்கணிதம் பார்க்காமல் நான் வைத்த பெயர் அவ்வளவு நன்றாக ஒட்டிக்கொண்டது.

அதற்காக, எந்தப் பெயரும் சரிதான் என்று சொல்ல வரவில்லை. என் அத்தை ஒருவர் நான்காவது பெண்ணாகப் பிறந்தவர். பெயர் போதும்பொண்ணு. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று கடவுளுக்கு எழுதிய விண்ணப்பத்தை, பாவம், அவர் தலையில் ஒட்டிவிட்டார்கள். கிளினிக்கிலோ தபால் நிலையத்திலோ அடையாள அட்டையை நீட்டும்போது, கட்டை விரலால் பெயரை மூடிக்கொண்டே நீட்டுவார். எழுபது வயதிலும் அந்த விரல் அங்கேயேதான் இருந்தது. குப்புசாமி என்ற பெயர் பிள்ளைக்காக வைத்தது. போதும்பொண்ணு என்ற பெயர் யாருக்காகவோ வைத்தது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. நாம் தமிழில் பெயர் வைக்கிறோம். இந்த நாட்டில் அதை எல்லோரும் வாசிக்கிறார்கள். 2006-இல் பதிவிலாகா, பொருத்தமில்லாத பெயர்கள் என்று ஒரு பட்டியலே வெளியிட்டது. விலங்கு, பூச்சி, பழம், நிறம், எண் எல்லாம் கூடாது என்றார்கள். பட்டியல் போட்டுத் தடுக்கக்கூடியவை அவை. ஆனால் ‘மதி’யை என்ன செய்வது? நமக்கு நிலவு, அறிவு. மலாய்க்காரர் நாவில் அது ‘மாத்தி’, அதாவது மரணம். அரசாங்க கிளினிக்கில் தாதியாக வேலை செய்யும் என் தோழி, அந்தப் பெயர் வந்தால் பாதியாகக் கூப்பிடவே மாட்டாள். ‘இளமதி’ என்று முழுசாகத்தான் கூப்பிடுவாள். ‘கவின்’ என்றால் பக்கத்து வீட்டு மலாய்ப் பையன் கல்யாணமா என்று கேட்பான். ஒரு சொட்டு நீலம் ஒரு பானைப் பாலைக் கெடுக்கும் என்ற மலாய்ப் பழமொழியில் நீலத்துக்குச் சொல் ‘நீலா’. அந்தப் பாடம் நடந்த அன்று, எங்கள் பள்ளியில் மொத்த வகுப்பும் நிலா என்ற பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது.

இதற்காக அழகான தமிழ்ப் பெயர்களை விட்டுவிட வேண்டியதில்லை. நிலாவுக்கு அவள் பெயரின் பொருளை யாரோ வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். “எங்க பாஷையில அது மூன், சிக்கு” என்று மலாய் ஆசிரியையிடம் எழுந்து நின்று சொன்னாளாம். அவர் அதைப் பலகையில் எழுதிப் போட்டாராம்.

ஆகவே, தொட்டிலில் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு என் வேண்டுகோள். பதியப் போவதற்கு முன் அந்தப் பெயரை அடுப்படியிலிருந்து மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். தாளில் எழுதிப் பக்கத்து வீட்டு மலாய்க்காரரையோ சீனரையோ வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை எச் வேண்டுமானாலும் போடுங்கள். ஏன் போட்டோம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். முதலாம் ஆண்டுக்கு அனுப்புமுன் ஒரு வாரமாவது அந்தப் பெயரால் கூப்பிடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. இப்போதெல்லாம் சந்தேகமான பெயர் வந்தால் நான் வாசிப்பதில்லை. பிள்ளையின் பக்கத்தில் போய்க் குனிந்து, “உன் பேர எப்படிய்யா சொல்லணும்?” என்று கேட்கிறேன். அரை நிமிட வேலைதான்.

நம்ம ‘தம்பி’ மூன்றாவது வாரத்தில் தன் பெயரை முழுதாக எழுதிவிட்டான். எழுதிவிட்டு, “டீச்சர், எனக்கு ஏன் ரெண்டு எச்சு?” என்றான். இந்த முறை நான் சிரிக்கவில்லை. வீட்டில் கேட்டு வரச் சொன்னேன்.

மறுநாள் ஓடிவந்தான். “அப்பாகிட்ட கேட்டேன் டீச்சர். ஒண்ணு பேருக்காம். ஒண்ணு எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னாம்.”