அத்தி பூக்கும் வளவு

நெடுநாட் காணாத ஒருவர் வாயிலில் வந்து நின்றால், ‘அத்தி பூத்தாற்போல வந்தார்’ என்போம். உண்மையில் அத்தி ஆண்டிற் பலமுறை பூக்கின்றது. நாம் காய் என்று கருதுவதனுள்ளேயே அதன் பூக்கள் மறைந்திருக்கின்றன. எள்ளினுஞ் சிறிய ஒரு குளவி, காயின் நுனியிலுள்ள துவாரத்தாற் புகுந்து, மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே மடிகின்றது. அதன் வழித்தோன்றுங் குளவிகள் மகரந்தத்துடன் வெளியேறி மற்றோர் அத்தியைத் தேடிப் பறக்கின்றன.

அத்தி மரங்கள் யாவும் ஒருங்கே பழுத்து ஓய்வதில்லை. ஆதலின், ஏனைய மரங்களிற் கனியில்லாத காலத்தும் எங்கேனும் ஓர் அத்தி பழுத்து நிற்கும். குயிலும் குக்குறுவானும் கொண்டைக்குருவியும் வௌவாலும் அதனை நாடி வரும். அத்தி, ஆல் முதலிய இக்குலத்து மரங்களின் பழங்களை உலகில் 1,200க்கு மேற்பட்ட பறவை, விலங்கினங்கள் உண்பதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். கல்வளைவின் உச்சிக்கல்லை உருவினால் வளைவே சரியும். பல உயிர்களைத் தாங்கி நிற்கும் இனங்களுக்கு அக்கல்லின் பெயரையே 1969 இல் இட்டார், அமெரிக்க உயிரியலறிஞர் இராபேட் பெயின்.

இவற்றை வகுப்பிற் கற்பிக்கும் நாமே, எம் தந்தையார் வைத்த அத்தியைத் தறிப்பித்தோம். பழம் விழுந்து முற்றம் அழுக்காகின்றது, இலையான் மொய்க்கின்றது என்பன நாம் கூறிய நியாயங்கள். மரம் போயிற்று, விடியலிற் கூவிய குயிலும் போயிற்று. ‘அப்பப்பா வைத்த மரத்தை ஏன் தறித்தீர்கள்?’ என்று மகள் வினவியபோது எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

சென்ற மாரியிற் கிணற்றுக்கட்டின் வெடிப்பில் ஓர் அத்திக் கன்று முளைத்திருந்தது. பறவையின் எச்சத்தில் வந்த வித்து அது. மகளும் நாமும் அதனை வேர் அறாமற் பெயர்த்து, வளவின் கோடிமூலையில் நட்டோம். அத்தியின் வேர் நீரை நாடிக் கட்டுகளைப் பிளக்கும். ஆதலின் வீடு, கிணறு, மதில் மூன்றிற்கும் எட்டவே அதனை வைத்தல் வேண்டும்.

அத்தனை இடமில்லாதோர் ஒரு கறிவேப்பிலையேனும் நடுக. அதன் இலையைப் புழு தின்னக் கண்டால் மருந்து தெளியாது விடுக. அப்புழுக்களுட் சில வண்ணத்துப்பூச்சியாகும். சில குருவிக் குஞ்சுக்கு இரையாகும். பிறர்க்கு உணவாவதற்கே நாம் அம்மரத்தை வைக்கின்றோம்.

எமது கன்று இப்பொழுது முழங்கால் உயரம். அதனைக் கொணர்ந்தது பறவை. நீர் வார்ப்பது மட்டுமே எமது பங்கு. அதனை மகள் ஒருநாளும் மறப்பதில்லை.