ஓடுகிற கணினியில் பயாஸைத் தொடலாமா? எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கடலூர் மாவட்டம் பெண்ணாடத்திலும் சுற்று ஊர்களிலும் கணினி விற்பவர்கள், பழுது பார்ப்பவர்கள், டிடிபி கடையும் இ-சேவை மையமும் நடத்துபவர்கள் சேர்ந்தது எங்கள் சங்கம். வீட்டுக் கணினியின் மதர்போர்டு பயாஸை அப்டேட் செய்வது பற்றி நாங்கள் கலந்து பேசி எடுத்த முடிவை இங்கே பொதுவில் வைக்கிறோம்.

'ஓடுற மிஷின்ல பயாஸ்ல கை வைக்காதே' என்பது எங்கள் தொழிலில் வழிவழியாக வரும் விதி. இனி அதை அப்படியே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தக்க காரணம் இருந்தால் அப்டேட் செய்யத்தான் வேண்டும். காரணம் இல்லாமல், புது வெர்ஷன் வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் செய்யக் கூடாது. காரணம் எதுவானாலும், மின்சாரத்தை உறுதி செய்துகொள்ளாமல் தொடவே கூடாது. எங்கள் நிலைப்பாடு இதுதான்.

பயாஸ் என்பது கணினியை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற புரோகிராம். இன்றைய கணினிகளில் அதன் சரியான பெயர் யூஇஎஃப்ஐ என்றாலும், கடையில் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம். ஹார்டு டிஸ்கில் அது இல்லை. போர்டில் ஒட்டியிருக்கும் எட்டுக் கால் சிப் ஒன்றில், பழைய போர்டானால் 8 எம்பி, இப்போதையதானால் 16 அல்லது 32 எம்பி இடத்துக்குள் அடங்கியிருக்கிறது. அப்டேட் என்றால் அந்தச் சிப்பில் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது. பக்கத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை சுடுகிறவர்களுக்குத் தெரியும், சூளையில் தீ ஏறிய பிறகு பாதியில் நிறுத்தினால் உள்ளே இருப்பது பச்சை மண்ணும் ஆகாது, பீங்கானும் ஆகாது. பாதி எழுதிய சிப்பும் அப்படித்தான். ஃபேன் சுற்றும், லைட் எரியும், டிஸ்பிளே வராது.

பழைய விதிக்குக் காரணம் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. அடுத்த ஆண்டு சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. அந்த நாட்களில் பயாஸ் அப்டேட் செய்யலாமா என்று கேட்டவரை வீட்டுக்கு அனுப்பியதுதான் நியாயம். அன்றைய போர்டுகளில் தவறினால் மீட்க வழியும் குறைவு. அதற்கும் முன்னால், தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சிஐஎச் வைரஸ் 1999 ஏப்ரல் 26-இல் பல நாடுகளில் பயாஸ் சிப்பில் இருந்ததையே அழித்தது. பயாஸ் என்ற பேச்சு எடுத்தாலே மூத்த மெக்கானிக்குகள் முகம் சுளிப்பது இந்த அனுபவங்களால்தான்.

இப்போது நிலைமை வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. பல போர்டுகளில் அந்த வசதி இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, சிலவற்றில் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகே ஒழுங்காக வேலை செய்கிறது. கணினி தொடங்கும்போது போலி புரோகிராம் நுழையாமல் தடுக்கும் செக்யூர் பூட்டுக்கு 2011-இல் கொடுத்த சான்றுகள் 2026 ஜூனிலிருந்து ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. அதனால் எந்தக் கணினியும் அன்றே நின்றுவிடாது. இதைச் சொல்லி யாராவது பயமுறுத்திப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். புதுச் சான்றுகள் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வரும், சில போர்டுகளுக்கு மட்டும் தயாரிப்பாளரின் பயாஸ் தேவைப்படும். ஆனால் புதுச் சான்று ஏறாத கணினிக்குத் தொடக்கப் பகுதியின் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோகும்.

இதைவிட அழுத்தமான உதாரணம் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியூக்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் அவை தேய்ந்துபோவதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டிலும் அதற்குப் பின்னும் திருத்தம் வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தத் திருத்தம் பயாஸ் அப்டேட் வழியாக வந்தது. அது இனிமேல் வரும் தேய்மானத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே தேய்ந்த சிபியூவைச் சரிசெய்யாது. அந்தக் கணினி வைத்திருப்பவரிடம் 'ஓடுற மிஷின், தொடாதீங்க' என்று சொன்னால், அவருடைய சிபியூவை நாமே கொல்கிறோம் என்று பொருள்.

அதே சமயம், பதினைந்து வருடத்து எச்61 போர்டில் விண்டோஸ் 7 போட்டு, பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கும் கணினியின் பயாஸை எதற்காகத் தொட வேண்டும்? ஒரு காரணமும் இல்லை. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி மின்சாரம். எங்கள் கவலையில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

யூபிஎஸ் இருக்கிறது என்று சொல்வது போதாது. இந்த ஊர் வீடுகளில் இருக்கும் யூபிஎஸ்களில் பலவற்றின் பேட்டரி எப்போதோ இறங்கியிருக்கும், பச்சை லைட் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. திறந்திருக்கும் வேலைகளை எல்லாம் சேவ் செய்து மூடிவிட்டு, கணினி ஓடும்போதே யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பத்து நிமிடம் தாங்கினால் அப்டேட் செய்யலாம். தாங்காவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதன் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலானவற்றில் யூபிஎஸ் மோடு, ஈகோ மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோவில் இருந்தால் லைன் கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிப்பதற்குள் கணினி அணைந்து மறுபடி தொடங்கிவிடும். விளக்குக்கும் ஃபேனுக்கும் அந்த இடைவெளி பெரிதில்லை, பயாஸுக்கு அது உயிர் போகும் நேரம். லேப்டாப்பானால் பேட்டரியும் நன்றாக ஏறியிருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் அறிவிப்பு வந்த நாளிலும், இடி மின்னல் நேரத்திலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் எங்கள் உறுப்பினர் யாரும் இந்த வேலையைச் செய்ய மாட்டார்கள். அவசரம் என்று வற்புறுத்தாதீர்கள். ஆடுகிற மல்ட்டி பிளக்கிலோ, குழந்தையின் கைக்கு எட்டும் சுவிட்சிலோ கணினியைச் செருகி வைத்து இதைத் தொடங்கவும் வேண்டாம்.

அடுத்தது சரியான ஃபைல். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று டைப் செய்தால் போர்டின் பெயரும் இப்போதுள்ள பயாஸ் வெர்ஷனும் தேதியும் தெரியும். ஆனால் அதோடு நிற்காதீர்கள். ஒரே பெயரில் ரெவிஷன் 1.0, 2.0 என்று வேறு வேறு போர்டுகள் உண்டு, ஒன்றின் ஃபைல் மற்றதற்கு ஆகாது. அந்த எண் போர்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும், கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஃபைலைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டும் எடுங்கள். யூடியூப் வீடியோவின் கீழே கிடக்கும் லிங்க், தெரிந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது, எதுவும் வேண்டாம். லேப்டாப்புக்குத் தயாரிப்பாளரின் சொந்த முறையே சரி. டெஸ்க்டாப்பானால் ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஃபைலைப் போட்டு, பயாஸுக்குள்ளேயே இருக்கும் வசதியால் எழுதுங்கள். ஆசஸில் இஇசட் ஃப்ளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃப்ளாஷ், கிகாபைட்டில் கியூ-ஃப்ளாஷ், ஆஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃப்ளாஷ் என்று பெயர் இருக்கும். டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குள் ஓடும் அப்டேட் புரோகிராமை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எழுதும் நேரத்தில் விண்டோஸ் தொங்கிவிட்டால் கதை முடிந்தது.

எங்களிடம் வரும் டெட் போர்டுகளில் கரண்ட் போனதால் செத்தவை மட்டும் இல்லை, பயந்து அணைத்ததால் செத்தவையும் உண்டு. எழுதி முடிந்ததும் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி அணையும், மறுபடி எழும். சில நேரம் திரை கறுப்பாகவே நிற்கும். புதிய டிடிஆர்5 போர்டுகளில் ரேமைச் சோதித்துப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறார்கள். பிடிக்காதீர்கள். அரை மணி நேரமாவது தொடாமல் விடுங்கள். லேப்டாப்பில் இன்னொரு சிக்கல். விண்டோஸ் அப்டேட்டே பயாஸையும் கொண்டுவந்துவிடும். ஷட்டவுன் கொடுத்துவிட்டு மூடிப் பையில் திணித்துக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடும் கல்லூரிப் பிள்ளைகள் திரையில் ஓடும் கோட்டைப் பார்ப்பதில்லை. அது முடிந்து தானாக அணையும் வரை மூடியைத் திறந்தே வையுங்கள் தம்பி, தங்கைகளே.

தொடங்குமுன் செய்ய வேண்டியவற்றில் மிக முக்கியமானது, டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரின் சாவியைத் தேடி வைப்பது. புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பது உரிமையாளருக்கே தெரியாது. பயாஸ் மாறினால் 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்டு நிற்கும். அது கையில் இல்லையென்றால் போட்டோ, பிள்ளையின் புராஜெக்ட், கடைக் கணக்கு எல்லாம் உள்ளேயே கிடந்து போகும், யாராலும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள், பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள், பிறகு தொடங்குங்கள். இப்போதுள்ள பயாஸ் செட்டிங்குகளைப் பக்கம் பக்கமாக மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு பெரும்பாலும் எல்லாம் தயாரிப்பாளர் வைத்த தொடக்க நிலைக்குப் போய்விடும். பழைய முறையில் போட்ட விண்டோஸ், அந்த முறைக்கு இடம் தரும் சிஎஸ்எம் செட்டிங் அணைந்ததால் ஏறாமல் நிற்கும். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று புது டிஸ்க் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் அந்த ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும்.

எங்கள் உறுப்பினர்களுக்கான கட்டுப்பாடுகளையும் சொல்லிவிடுகிறோம். எதற்காக அப்டேட், எந்த வெர்ஷனிலிருந்து எதற்கு என்பதை பில்லில் எழுத வேண்டும். விண்டோஸ் போட வந்த கணினியில் கேட்காமல் பயாஸைத் தொடக் கூடாது. டிஸ்பிளே வராத போர்டை 'போயிடுச்சு, புதுசு போடுங்க' என்று சொல்வதற்குமுன், ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து அதன் வழியாக முயல வேண்டும். பல போர்டுகளில் சிபியூ, ரேம் இல்லாமலே எஸ்எம்பிஎஸ் மின்சாரத்திலேயே அது எழுதிவிடும். அதுவும் இல்லையென்றால் சிப்பில் கிளிப் மாட்டிப் புரோகிராமரால் எழுத வேண்டும். சிப்பில் அச்சிட்ட எண்ணை லென்ஸ் வைத்துப் படித்து, 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று உறுதி செய்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமர் டேட்டா கால்களில் 5 வோல்ட் தருவது. அதைத் திருத்தாமல் பயன்படுத்தக் கூடாது. எழுதுமுன் பழைய உள்ளடக்கத்தை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒத்துப்போனால் பத்திரப்படுத்த வேண்டும். லேப்டாப்பின் சீரியல் எண்ணும் விண்டோஸ் கீயும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கின்றன. அந்தக் காப்பி வாடிக்கையாளருடைய சொத்து, அதை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

தயாரிப்பு நிறுவனங்களிடம் எங்கள் கோரிக்கை: மீட்பு வசதியை விலை உயர்ந்த போர்டுகளோடு நிறுத்தாதீர்கள். குறைந்த விலை போர்டு வாங்குகிறவர்தான் இன்னொன்று வாங்க முடியாதவர். பழைய ஃபைல்களைத் தளத்திலிருந்து நீக்காதீர்கள். 'சிஸ்டம் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அப்டேட் வேண்டுமா வேண்டாமா என்று யாரும் முடிவெடுக்க முடியாது. எதைத் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளத்தைத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட துறைகள் விவசாயக் கருவிகள், மொபைலும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். மதர்போர்டும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தது. இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் முதல் கணினியே அதுதான். இனிக் கொடுக்கும் லேப்டாப்புகளுக்கு எத்தனை ஆண்டு வரை பயாஸ் திருத்தம் வரும் என்பதை டெண்டரிலேயே நிபந்தனையாக எழுத வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. தயாரிப்பாளருக்கு இணையதளமே இல்லாத, பெயர் தெரியாத போர்டுகள் இங்கே நிறைய ஓடுகின்றன. அதே சிப்செட் உள்ள வேறு போர்டின் ஃபைலைத் திருத்திப் போட்டு அவற்றுக்கு உயிர் கொடுக்கத் தெரிந்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். செத்த போர்டில் அதை முயல்வதை யாரும் எதிர்க்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் போர்டில், விண்டோஸ் 11 ஏறுவதற்காக அப்படிச் செய்யலாமா என்பதில்தான் வாதம். அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசுகிறோம். அதுவரை ஓடிக்கொண்டிருக்கும் அப்படிப்பட்ட போர்டை எங்கள் கடை எதுவும் அப்டேட் செய்யாது.