நஞ்சுக்கு நிலையான கடிவாளம் வேண்டும்

தோட்டத்தில் மருந்தடிப்பு யாருடைய வேலை என்று நம் தொழிலாளர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதுகிலே பம்பு, கையிலே குழாய், முகத்திலே ஒரு துண்டுத் துணி. பெரும்பாலும் அது நம் பெண்களின் வேலையாகவே இருந்து வந்திருக்கிறது. அவர்கள் அடிப்பதை நிர்வாகம் 'மருந்து' என்கிறது. நோயைத் தீர்ப்பதற்குத்தான் மருந்து என்று பெயர். புல்லைக் கொன்று, தவறினால் ஆளையும் கொல்லும் பொருளுக்கு நஞ்சு என்பதே பொருத்தமான பெயர்.

லாலான் புல்லை ஒழிக்க முன்னாளில் ரப்பர்த் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். புல்லோடு தொழிலாளரின் ஆடு மாடுகளும் மடிந்தன. பின்பு 1960-களில் பாராகுவாட் வந்தது. உள்ளே சென்றால் நுரையீரலைக் கெடுக்கும் அந்த நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. அன்றாடம் தெளித்தவர்களின் நகமும் தோலும் கண்ணும் அதன் கொடுமையைச் சொல்லும்.

சட்டம் இல்லாமலா இருந்தது? 1974-ஆம் ஆண்டிலேயே பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. 2002-ஆம் ஆண்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்குவதென அரசு அறிவித்தது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் 2006-ஆம் ஆண்டில், மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லித் தடை தளர்த்தப்பட்டது. 2002-ல் நஞ்சாக இருந்தது 2006-ல் அமுதமாகிவிட்டதா? முழுத்தடை நடப்புக்கு வந்தது 2020 சனவரி முதல் நாள்தான். இடையே ஓடிய ஆண்டுகள் 18. அதற்குள் ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து, தாய் நின்ற அதே தீம்பாருக்கு வேலைக்கு வந்துவிடும்!

மாற்று மருந்துக்குச் செலவு கூடும் என்பதே முதலாளிமாரின் முறையீடு. தோட்டம் வாழ்ந்தால்தான் தொழிலாளியும் வாழ்வான் என்பதை நாம் அறிவோம். ஆனால் செலவு கணக்கிலிருந்து மறைந்துவிடவில்லை; கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்குப் பதிலாகத் தொழிலாளியின் உடம்பில் எழுதப்பட்டது. அவ்வளவே வேறுபாடு. இளங்கன்றுகளுக்கிடையே பயற்றுக் கொடிகளைப் படரவிட்டுக் களையை அடக்கும் வழியைத் தோட்டத் துறை நெடுங்காலமாக அறியும். மண்ணைக் காத்து உரமூட்டும் அவ்வழிக்கு முதலிடம் தந்தால் நஞ்சின் அளவு தானே குறையும்.

மலேசியாவின் நிலைத்த செம்பனை எண்ணெய் நற்சான்றும் அதே 2020 சனவரி முதல் நாள் கட்டாயமாயிற்று. மண் நிலைக்க வேண்டும், காடு நிலைக்க வேண்டும் என்கிறார்கள். நல்லது. அந்த மண்ணிலே நிற்கும் மனிதன் நிலைக்க வேண்டாமா?

ஒரு நஞ்சு போனால் இன்னொரு நஞ்சு அதன் இடத்தில் வந்து அமரும். ஆகவே பெயரைப் பார்த்துத் தடுக்கும் சட்டம் மட்டும் போதாது. நாம் கேட்பவை இவை:

ஒருமுறை விதித்த தடையைத் தொழிலாளர் பிரதிநிதிகளைக் கேளாமல் தளர்த்தக் கூடாது.

டின்னில் ஒட்டியுள்ள எச்சரிக்கை தெளிப்பவருக்குப் புரிய வேண்டும். இன்று பம்பு சுமப்பவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் உண்டு. அவரவர் மொழியில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. சோதனையின் முடிவைத் தொழிலாளியிடமே கொடுக்க வேண்டும்.

கருவுற்ற பெண்ணையும் பால் கொடுக்கும் தாயையும் மருந்தடிப்புக்கு அனுப்பக் கூடாது. வேறு வேலை தந்து வருமானத்தைக் காக்க வேண்டும்.

தொழிலாளத் தோழர்களே! 2024 சூன் முதல் நாள் நடப்புக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் ஓர் உரிமையை வழங்கியிருக்கிறது. உடனடி ஆபத்து உண்டென நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், வேலையிடத்தை விட்டு விலகலாம்; அதற்காக அவர் பழிவாங்கக் கூடாது. ஆனால் தனியாளாக நின்று இதைச் சொல்வது எளிதன்று. சங்கமாக நின்று சொன்னால் கேட்காமலிருப்பது எளிதன்று. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசட்டும். ஏட்டிலே உள்ள சட்டத்தைத் தீம்பாருக்குக் கொண்டுவருவது நம் கடமை.