ஊரில்லாத உதைபந்தாட்டம்

கொழும்பு மாநகரில் தொழின்முறை உதைபந்தாட்டம் ஏன் வேர்கொள்ளவில்லை என்னும் வினா, நம் பழைய மாணவர் இருவர் மூவர் சேர்ந்த இடமெங்கும் எழுவதொன்றாகும். வெள்ளவத்தையில் தேநீர்க்கடை மேசையாயினும் சரி, கொட்டாஞ்சேனையில் கோயில் வீதியாயினும் சரி, வழக்கின் கட்சிகள் மாறுவதில்லை. துடுப்பாட்டமே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்பது ஒரு கட்சி. பணம் இல்லை, பணம் வந்தால் யாவும் வரும் என்பது மற்றொரு கட்சி. நிருவாகத்தாரே கெடுத்தனர் என்பது மூன்றாவது; குரல் பெரிதாக ஒலிப்பது இக்கட்சிக்கே. இவை ஒவ்வொன்றிலும் உண்மையின் கூறு உண்டெனினும், நோயின் மூலத்தை இவற்றுள் எதுவும் தொடவில்லை என்பது எனது துணிபு. அதனை இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றேன். உடன்படாத அன்பர்கள் மறுத்துரைக்க அடுத்த மலர் வரை காத்திருக்க வேண்டியதில்லை; வழக்கமான மேசையில் வழக்கமான வேளையில் நான் இருப்பேன்.

துடுப்பாட்டத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர், பொரளையிலிருந்து வனாத்தமுல்லைப் பக்கம் சற்று நடந்து சென்று ஓவல் மைதானத்தைப் பார்த்து வருதல் நன்று. 1899ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்தின் இல்லம் அது. பாக்கியசோதி சரவணமுத்து அவர்களின் பெயரைத் தாங்கி நிற்பது. 1948ஆம் ஆண்டில் பிரட்மனின் அவுஸ்திரேலியக் குழுவினர் கப்பற் பயணத்தின் இடையே இறங்கி ஆடியது அங்கே. 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கு எதிராக ஆடியதும், 1985இல் இந்தியாவை வென்று தனது முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேயே. இவற்றைப் புகழ்பாடுவதற்காக நான் எடுத்துரைக்கவில்லை. டெஸ்ட் தகுதி என்னும் விருந்தாளி வந்து கதவைத் தட்டியபோது, அவரை இருத்துவதற்கு ஒரு வீடு ஆயத்தமாயிருந்தது என்பதையே சுட்டுகின்றேன். ஒரு கழகம், அதற்கொரு மைதானம், சந்தா செலுத்தும் உறுப்பினர், ஆண்டு முழுவதும் புல்லைப் பேணும் ஊழியர் ஆகிய இத்தனையும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்தன. நம் உதைபந்தாட்டக் கழகங்களுள் இவ்வாறு சொந்தக் கூரையின் கீழ் இருப்பவை எத்தனை?

ஆர்வம் இல்லை என்று எவரும் உரைத்துவிட முடியாது. 1952ஆம் ஆண்டிலேயே இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நாடுகளின் குழுக்களை வரவழைத்துக் கொழும்புக் கிண்ணப் போட்டியைத் தொடக்கிவைத்த நகரம் இது. அப்போட்டி பின்னர் இரங்கூனுக்கும் கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் சென்று 1955உடன் நின்றது. 1995இல் சுகததாச அரங்கில் தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை 1-0 என வென்ற மாலையை நினைவுகூர்வோர் நம்மிடையே பலர் உளர். துடுப்பாட்டத்துக்கு மட்டையும் காலுறையும் கையுறையும் வேண்டும்; உதைபந்தாட்டத்துக்கு ஒரு பந்து போதும். ஆதலாற்றான் கொட்டாஞ்சேனை, மாளிகாவத்தை, கொம்பனித்தெரு ஆகிய நெருக்கமான குடியிருப்புகளிலே தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் ஒரே ஒழுங்கையில் நின்று இவ்வாட்டத்தை வளர்த்தனர். ஜாவா லேன் கழகம் ஒழுங்கையின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. சோண்டர்ஸ், ரினோன், ரட்னம் என்பன வெறும் கழகப் பெயர்களாக அல்ல, அயலின் பெயர்களாகவே அக்காலத்தில் உச்சரிக்கப்பட்டன. ரட்னம் தோற்றால் கொட்டாஞ்சேனையில் சில வீடுகளில் இரவுணவு சுவைப்பதில்லை.

இனி 2021ஆம் ஆண்டுக்கு வருவோம். தொழின்முறை லீக் என்னும் பெயரோடு, பத்துக் கழகங்களைக் கொண்டு, சூப்பர் லீக் தொடங்கிற்று. களுத்துறையின் புளூ ஸ்டார் கழகம் அதனை வென்றது. வென்னப்புவையின் நியூ யங்ஸ் இருந்தது. மலைநாட்டிலிருந்து அப்கண்ட்ரி லயன்ஸ் வந்தது. கொழும்பின் ரட்னமும் ரினோனும் இருந்தன. தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றின் குழுக்கள் டிபெண்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ் எனப் புதுப்பெயர் பூண்டன. கொள்ளைநோய்க் காலமாதலின் மைதானக் கதவுகள் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டன. அது எவரது குற்றமுமன்று. ஆயினும் நோய் நீங்கிய பின்னரும் அந்த லீக் அதே கோலத்தில் எழுந்து நிற்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலைநாட்டுக் குழுவொன்றின் ஆட்டத்தைக் காண மலைநாட்டார் மலையிறங்கிக் கொழும்புக்கு வரவேண்டும் என்பதும், படைக்குழுவின் வெற்றியைக் கொண்டாட அதற்கென ஓர் ஊரோ தெருவோ இல்லை என்பதும் எவ்வகையான ஏற்பாடு? பெயரை மாற்றுவதால் ஒரு குழுவுக்கு ஊர் கிடைத்துவிடாது.

படைக்குழுக்களை நான் பழிக்கின்றேன் என எவரும் கொள்ளற்க. உண்மையை நேர்மையாக உரைப்பின், இந்நாட்டில் உதைபந்தாட்டக்காரன் ஒருவனுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தந்து அவன் குடும்பத்தைக் காத்தவை அவையே. பந்தை நன்றாக உதைக்கும் மாணவன் ஒருவன் உயர்தர வகுப்பை முடித்து வெளியேறும்போது அவன் முன் மூன்று வழிகள் உள. படையில் சேர்ந்து ஆடலாம். மாலைதீவுக்குச் சென்று அங்குள்ள கழகமொன்றில் ஊதியத்துக்கு ஆடலாம். அன்றேல் பந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வேறு தொழில் தேடலாம். நாட்டின் குழுவுக்காக ஆடிய சன்ன எதிரி பண்டனகே, வாயிற்காவலர் சுஜான் பெரேரா ஆகியோர் மாலைதீவுக் கழகங்களில் ஆடியவர்களே. நம்மினும் மிகச் சிறிய அத்தீவுக் கூட்டம் நம் ஆட்டக்காரருக்குக் கூலி கொடுக்கின்றது. நாமோ கைதட்டலுடன் நிறுத்திக்கொள்கின்றோம். தமிழ் மாணவருக்கு முதலாம் வழி எத்துணை தூரம் திறந்திருந்தது என்பதை இம்மலரின் வாசகருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆதலால், நம் கல்லூரியிலிருந்து சென்ற நல்ல ஆட்டக்காரர் பலர் மூன்றாம் வழியிலேயே மறைந்தனர். பெற்றோரை நோவதிற் பயனில்லை. மகன் தன் கால்களால் உழைத்துண்ண முடியும் என்று காட்ட ஒரு கழகமேனும் இல்லாத நகரில், பந்தை விட்டுப் புத்தகத்தை எடு என்னும் தந்தை மூடரல்லர்.

பணமே மருந்து என்போர் கனடாவைப் பார்த்தல் தகும். நம் பழைய மாணவர் பலர் அங்குக் குடியேறியிருத்தலால் அந்நாட்டு வழக்குகளும் நம் மேசைக்கு வந்து சேர்கின்றன. ஸ்காபரோவில் இருப்போர் இதுபற்றி ஒருவரோடொருவர் தொலைபேசியில் மோதுவதைக் கேட்டால், ஆட்டத்தை விட வாதமே சுவையுடையதோ என்று ஐயுற வேண்டியிருக்கும். பணம் கொழித்த நாடு. பனிக்கட்டி ஹொக்கி அங்கே நம் துடுப்பாட்டம் போல. ரொறன்ரோவில் 1971இல் ஒரு தொழின்முறைக் குழு தோன்றிற்று. ஆட்கள் வரவில்லை. 1975இல் குரோவாசியக் குடியேறிகளின் கழகத்தோடு அது இணைந்தது. மறு ஆண்டே யூசேபியோவையும் வைத்துக்கொண்டு வட அமெரிக்க லீக்கின் கிண்ணத்தை வென்றது. ஓரினத்தின் பெயர் குழுவின் பெயரில் இருத்தல் லீக் நடத்தியோருக்கு உவப்பாயில்லை. 1979இல் பெயர் மாறிற்று. 1984ஆம் ஆண்டுப் பருவத்தோடு அந்த லீக்கே முடிந்தது. 1987இல் கனடியர் தமக்கெனத் தொடக்கிய லீக்கும் 1992க்கு அப்பால் வாழவில்லை. 2007இல் வந்த ரொறன்ரோ எப்.சி. நிலைத்ததற்குக் காரணம் பல கூறுவர். அவற்றுள் எனக்குத் தலையாயதாகத் தோன்றுவது, நகரின் நடுவே, வேலை முடிந்தவன் நேரே வந்து சேரக்கூடிய இடத்தில், உதைபந்தாட்டத்துக்கென்றே ஓர் அரங்கு எழுந்தமையாகும்.

2019இல் தொடங்கிய கனடியன் பிரீமியர் லீக்கைப் பாருங்கள். ஹலிபக்ஸ் என்னும் கீழைத் துறைமுக நகரில், நகர நடுவிலுள்ள பழைய திடலொன்றில் தற்காலிக இருக்கைகளை அடுக்கி ஆடுகின்றனர். ஆயினும் கூட்டம் சேர்கின்றது. ரொறன்ரோவின் வட எல்லையில் பல்கலைக்கழக அரங்கில் ஆடத் தொடங்கிய குழுவோ கூட்டத்தைத் தேடி அலைந்தது, பெயரையும் மாற்றிக்கொண்டது. எட்மன்ரன் கழகம் 2022உடன் அந்த லீக்கிலிருந்து நீங்கிற்று. நாடு ஒன்று, லீக் ஒன்று. வேறுபாடு எங்கே என்று கேட்டால், குழு எவருடையது, எங்கே ஆடுகின்றது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் ஹலிபக்ஸ் நகரத்துச் சிறுவன் உடனே விடை கூறுவான் என்பதே என் விடை. ரொறன்ரோ நண்பர் ஒருவர் இதனை மறுத்து, ஹலிபக்ஸில் வேறு தொழின்முறை ஆட்டங்கள் குறைவு, அதனாற்றான் மக்கள் வருகின்றனர் என வாதிடுகின்றார். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் எட்மன்ரன் விடயத்தில் மைதானமும் நகர நடுவுக்கு அண்மையிலேயே இருந்தது என அவர் அடுத்துக் கூறும்போது, என் வாதத்துக்குச் சிறிது இடர் நேர்கின்றது என்பதையும் மறைக்கவில்லை. மைதானம் மாத்திரம் போதாது; அயலாரின் உரிமை உணர்வும் வேண்டும்.

இந்தியாவிலும் கதை வேறன்று. 2014இல் திரைப்பட நடிகரும் துடுப்பாட்ட வீரரும் முதலாளிகளாக முன்வந்து நிற்க, இந்தியன் சூப்பர் லீக் எழுந்தது. சென்னைக்கும் ஒரு குழு கிடைத்தது. அது இருமுறை கிண்ணமும் வென்றது. ஒப்பந்தமொன்று முடியும் தறுவாயில், 2025 ஜூலையில், அடுத்த பருவத்தையே நிறுத்திவைக்க நேர்ந்தது. மோகன் பகான் 1889இலும் கிழக்கு வங்கக் கழகம் 1920இலும் தோன்றியவை. எத்தனை லீக்குகள் வந்து போயினும் கல்கத்தாவில் அவற்றின் பெயரால் சண்டையிட ஆள் குறைந்ததில்லை.

நிருவாகத்தாரைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. அது பற்றி எழுதியவை ஏராளம். வெளியார் தலையீடு என்னும் காரணத்தால் 2023 ஜனவரியில் உலகச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்திற்று. ஆகஸ்ட் மாதத்தில் தடை நீங்கிற்று. அவ்விடைக்காலத்தில் தெற்காசியப் போட்டி நம்மவர் இல்லாமலே நடந்தது. மாவட்ட லீக்குகளின் வாக்குகளால் தலைவர் தெரிவுசெய்யப்படும் முறையில், வாக்குடையவர் கவனிக்கப்படுவதும், நுழைவுச்சீட்டு வாங்குபவர் கவனிக்கப்படாததும் வியப்பன்று.

அண்மைக் காலத்தில் எழுந்துள்ள வழக்கொன்று மிகுந்த சூடுடையது. வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வழியினரை நாட்டுக் குழுவிற் சேர்த்தல் தகுமா என்பதே அது. பெர்லினில் வளர்ந்த வசீம் ராசீக், இலண்டனில் பிறந்த டிலன் டி சில்வா போன்றோர் வந்த பின்னர் குழு நிமிர்ந்து நிற்பதைக் கண்டோம். 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அந்நாட்டு மண்ணிலேயே தண்டனை உதைகளில் வென்றமை, உலகத் தரவரிசையில் இருநூறுக்கும் கீழே கிடந்த ஒரு குழுவுக்குச் சிறிய செயலன்று. இவர்கள் நம் பிள்ளைகளின் இடத்தைப் பறிக்கின்றனர் என்னும் குறைகூறலை நான் ஏற்கவில்லை. பெர்லினிலும் இலண்டனிலும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பந்தும் பயிற்சியாளரும் ஒழுங்கான மைதானமும் கிடைத்தன. கொட்டாஞ்சேனைச் சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. வழக்குத் தொடுக்க வேண்டுமாயின் அதன்மேல் தொடுப்போம்.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கழகப் போட்டிகளுக்குத் திரளும் கூட்டத்தைக் கண்டோர், தமிழருக்கு உதைபந்தாட்டத்தில் நாட்டம் குன்றிவிட்டது என்று கூறத் துணியார். துரையப்பா அரங்கில் மாலை ஆட்டமொன்றுக்குத் துவிச்சக்கர வண்டிகள் அணிவகுப்பதற்கு எந்த விளம்பரமும் தேவைப்படுவதில்லை. 2018இல் வடக்கு கிழக்கு மாகாணங்களின் ஊர்ப்பெயர்களைத் தாங்கிய குழுக்களுக்கிடையே, ஏலத்தில் ஆட்டக்காரரைத் தெரிந்தெடுத்து, ஒரு லீக் நடத்தப்பட்டது. தொடக்கத்தில் எழுந்த ஆரவாரம் பெரிது. அது ஆண்டுதோறும் தொடரும் ஏற்பாடாகவில்லை. மேலிருந்து ஒரு நிறுவனம் ஊற்றும் நீரை நிலம் உறிஞ்சும். ஆனால் அந்நிறுவனம் கையை எடுத்தால் பயிர் வாடும்.

ஆகவே, என் கருத்தைச் சொல்லிவிடுகின்றேன். பத்துக் கழகங்களைக் கொண்ட லீக் இப்பொழுது நமக்கு வேண்டியதன்று. கொழும்பு மாநகர சபையின் பொறுப்பிலுள்ள திடல்களுள் ஒன்றையேனும் ஒரு கழகத்துக்கு இருபது ஆண்டுக் குத்தகையாக அளித்துப் பார்ப்போம். அக்கழகம் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு, மழையாயினும் வெயிலாயினும், அங்கே ஆடட்டும். காலையில் அயற்பாடசாலைச் சிறுவர் அதே புல்லில் பயிலட்டும். கழகத்துக்கு ஆடுவோருள் பதினைவருக்கு நம் பழைய மாணவரான வர்த்தகரும் கணக்காளரும் பகுதிநேர வேலையும், ஆட்டத்துக்கு ஒழுங்கான ஊதியமும் கொடுப்பது இயலாத காரியமன்று. ஆண்டுக்கொரு முறை துடுப்பாட்டப் பெரும்போட்டிக் களியாட்டங்களில் இந்நகரின் பழைய மாணவர் சங்கங்கள் செலவிடும் பணத்தை அறிந்தவர் எவரும் இதனைப் பெருந்தொகை என்னார். கழகத்தின் வரவு செலவுக் கணக்கு நுழைவாயிற் பலகையில் மாதந்தோறும் ஒட்டப்படல் வேண்டும். நுழைவுச்சீட்டு ஒரு தேநீரும் வடையும் வாங்கும் விலைக்கு மேற்படலாகாது. இலவசமாகவும் இருத்தல் ஆகாது. காசு கொடுத்தவனே தோல்வியில் கோபிப்பான், கோபித்தவனே அடுத்த வாரமும் வருவான்.

இவ்வேற்பாட்டைச் செவிமடுத்த நண்பருள் ஒருவர், மின்விளக்குகள் இன்றித் தொழின்முறை ஆட்டம் ஏது என்றார். விளக்குகளுக்கு ஆகும் செலவில் இரு பருவங்களுக்கான ஊதியத்தைக் கொடுத்துவிடலாம் என மற்றவர் கணக்கிட்டுக் காட்டினார். விளக்கை முதலில் இடுவதா, மலசலகூடத்தை முதலில் கட்டுவதா என வாக்கெடுப்பு நடக்குமாயின், என் வாக்கு மலசலகூடத்துக்கே. பெண்களும் குழந்தைகளும் இரண்டு மணி நேரம் வந்து தங்கக்கூடிய மைதானம் கொழும்பில் உதைபந்தாட்டத்துக்கென இன்னும் ஒன்றுகூட அமைக்கப்படவில்லை. விளக்கு இரண்டாம் ஆண்டில் வரட்டும்.